லீவு முடிந்து அடிப்பவள்

எங்கள் வகுப்பில் அவளிடம் வம்பு வைத்துக்கொண்டவர்களுக்கு லீவு என்றாலே பயம். அவள் உடனே திருப்பிக் கொடுக்கிற ஆள் இல்லை. திட்டினால் சிரிப்பாள். பையை ஒளித்து வைத்தால் பொறுமையாகத் தேடி எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொள்வாள். போகும்போது ஒன்றே ஒன்று சொல்வாள்: "லீவு முடியட்டும்." காலாண்டோ அரையாண்டோ, அடுத்து எந்த லீவு வருகிறதோ அந்த லீவு. அது முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அடி விழும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவளிடமிருந்து ஏற்கெனவே ஒன்றை எடுத்துக்கொண்டவள் நான். பெயரையும் இங்கே இழுத்து வந்து நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. எட்டாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேர் டவுன்ஷிப் பிள்ளைகள். அப்பாக்கள் அணுசக்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், திருநெல்வேலி, கோயமுத்தூர், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள். நான் அந்தப் பாதி. மீதிப் பாதி சுற்று வட்டாரத்து ஊர்ப் பிள்ளைகள். அவள் சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். ஒல்லி. இரட்டைச் சடையில் ஒரு பக்கத்து ரிப்பன் எப்போதும் அவிழ்ந்து தொங்கும். நானும் அவளும் ஒரே பெஞ்சு.

காலாண்டுத் தேர்வின் கடைசி நாள், முன் பெஞ்சுக்காரன் ஒருவன் அவள் பக்கம் திரும்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மீன் வாடை தாங்கலடா சாமி" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன். அவளும் சிரித்தாள். லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை எதுவும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பிரேயருக்கு எல்லோரும் போனபோது அவள் மட்டும் பின்தங்கினாள். பென்சில் எடுக்கத் திரும்பி வந்த நான் பார்த்தேன். அவனுடைய பையைக் கவிழ்த்து, அடியில் போட்டிருக்கும் அட்டையைத் தூக்கி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த நாலு நெத்திலிக் கருவாட்டை வரிசையாக அடுக்கி, அட்டையை மறுபடி அமுக்கி வைத்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவன் பெஞ்சில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் இடம் மாற்றிக் கேட்டுப் போய்விட்டான். டவுன்ஷிப் பஸ்ஸிலும் அவனைக் கடைசி சீட்டுக்குத் தள்ளினார்கள். அவன் தினமும் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான், பாவம், பையைப் பார்க்கத் தோன்றவில்லை. பாவம் என்று சும்மா எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

"அன்னிக்கே குடுத்திருக்கலாமேடி?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே குடுத்தா ரெண்டு பேரும் அடிச்சிகினாங்கன்னு மிஸ்ஸு சொல்லும். லீவு உட்டுக் குடுத்தா அவன் மட்டும்தான் வாங்குவான்."

"நாலு எதுக்கு? ஒண்ணு போதாதா?"

"நாலு பெஞ்சு சிரிச்சிச்சு இல்ல?" என்றாள். எங்கள் பெஞ்சை அதில் சேர்த்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதுதான் அவளுடைய பழக்கம். எவ்வளவு வாங்கினாளோ அவ்வளவு கொடுப்பாள். "கூடக் குடுத்தா நம்ம மேல தப்பு ஆயிடும்" என்பாள். நல்லதற்கும் அதே அளவுதான். மார்கழியில் அவள் கையில் கொதிநீர் கொட்டிக் கட்டுப் போட்டிருந்த ஒரு வாரம் அவளுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தேன். பொங்கல் லீவு முடிந்த அன்று ஒரு டப்பா நிறைய வறுத்த இறால் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டார்கள். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் தின்றேன். பிறகு சோப்பு கரையும்வரை கையைக் கழுவினேன். அவள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தப் பொங்கல் லீவு முடிந்துதான் எங்கள் கிளாஸ் மிஸ்ஸுக்கும் அடி விழுந்தது.

லீவுக்கு முன்னால் எங்களை முட்டுக்காட்டுக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். கடைசிப் படகில் ஓர் இடம் குறைந்தது. மிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அவளிடம் வந்து நின்றார்.

"நீ எறங்கும்மா. நீங்கள்லாம் தினமும் கடல்லயே இருக்கிறவங்க. இவங்கள்லாம் எப்பப் பார்க்கப் போறாங்க?"

இறங்கினாள். அவர்கள் பக்கத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. கடலோரத்தில் பிறந்துவிட்டால் கடலுக்குள் போய்வருவார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அவள் அப்பா அலைக்குள் படகைத் தள்ளும்வரை அவள் கூட நிற்பாள், அதற்கு மேல் ஓர் அடி போனதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஒரு படகில் கால் வைத்திருந்தாள். பாவாடை நனையக் கரையில் நின்று எங்களுக்குக் கையாட்டினாள். நான் அந்தப் படகில்தான் இருந்தேன். "நான் எறங்குறேன் மிஸ்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "லீவு முடியட்டும்."

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் இன்ஸ்பெக்ஷன். கல்வி அலுவலர் எங்கள் வகுப்புக்கு வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிஸ் கடல் நீரோட்டங்கள் பாடம் நடத்தினார். நாலு நாளாக எங்களுக்குக் கேள்வியும் பதிலும் சொல்லிக் கொடுத்துத் தயார் செய்திருந்தார். யாரும் கேட்காமலே அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், வாடைக் காத்து அடிச்சா தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்?"

மிஸ் புத்தகத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கடைசியில் சிரித்துச் சமாளித்தார். "நீயே சொல்லேன். உனக்குத் தெரியாததா?"

"எனக்கு இன்னா தெரியும் மிஸ்? நான் போட்ல ஏறனதே இல்ல."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடலோரத்துப் பொண்ணுதானே நீ? ஏறினதே இல்லையா?"

"முட்டுக்காட்டுல ஏறனேன் சார். எடம் இல்லன்னு மிஸ்ஸு எறக்கி உட்டுட்டாங்க. எல்லாரும் போயிட்டு வந்தாங்க. நான் செருப்புக்குக் காவல் இருந்தேன்."

அவள் குரலில் குறை இல்லை, அழுகை இல்லை. ஊர்ப் பெயர் சொல்வதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அலுவலர் மிஸ்ஸை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது மிஸ்ஸின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவளைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். திருப்பிக் கொடுப்பதில் இவள் மட்டும் கெட்டிக்காரி இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிப்ரவரியில் பள்ளி மேடைக்குக் கூரை போட நன்கொடை திரட்டினார்கள். மேஜிக் ஷோ. ஆளுக்கு ஒரு டிக்கெட் புத்தகம். வகுப்புச் சுவரில் சார்ட் ஒட்டி எல்லோர் பெயரும் எழுதி, விற்ற டிக்கெட்டுக்கெல்லாம் ஸ்டார் ஒட்டினார்கள். பள்ளியிலேயே அதிகம் விற்பவருக்கு ஷோ அன்றைக்கு மேடையில் கோப்பை. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே இருக்கும் மரப் பலகையில் பெயிண்டால் பெயரும் எழுதுவார்கள்.

நான் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனதும் அப்பா தூக்கி மேஜைமேல் போட்டார். "டிக்கெட் விக்கவா? தெருத் தெருவாப் போயி கையேந்தவாட்டி உன்னைய படிக்க வைக்கேன்?" இரண்டு டிக்கெட்டை அவரே வாங்கிக்கொண்டார். சார்ட்டில் என் பெயருக்கு நேரே இரண்டே ஸ்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதிதான். ஆனாலும் எனக்கு அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவளுக்கோ விற்பது விளையாட்டு. மாமல்லபுரத்தில் அவள் சித்தி சங்குக் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். குரூப் ஸ்டடி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனேன். டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் போய் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எறங்கும்போது கேட்டா வெரட்டுவான். எல்லாம் பாத்துட்டுத் திரும்பி வண்டி ஏறும்போது கேளு. கால் நோவும், கொயந்தைங்க அழுதுகினு இருக்கும். வாங்கினா உட்ருவாங்கடான்னு வாங்கிப்பான்."

வெள்ளைக்காரர்களுக்குக் கட்டை விரலைப் பிய்த்து மறுபடி ஒட்டுவதுபோல் வேடிக்கை காட்டி, "மேஜிக், மேஜிக்" என்பாள். கல் செதுக்குகிறவர்களிடம், "ஷோவுக்கு வரவாணாம் அண்ணாத்த. டிக்கெட்டு மட்டும் வாங்கிக்க" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். டிக்கெட்டைக் கிழித்த பிறகு புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையில் வாங்குகிறவர் பெயரை எழுதவேண்டும் என்பது விதி. அவளுக்கு இங்கிலீஷ் எழுத வராது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் அவள் விற்றாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவள் புத்தகம் தீர்ந்ததும் இன்னும் இரண்டு வாங்கி வந்தாள். மூன்றும் தீர்ந்தன.

திங்கட்கிழமை மிஸ் எங்கள் இரண்டு பேரையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். மூன்று அடிக்கட்டைகளும் மேஜைமேல் விரிந்து கிடந்தன.

"இது யார் கையெழுத்து?"

"நான்தான் எழுதினேன் மிஸ்" என்றேன். அது உண்மை.

"இவளுக்குப் பேரே ஒழுங்கா எழுத வராது. இவ்வளவு ஃபாரினர்கிட்ட இவ பேசினாளாக்கும்? அப்ப வித்தது நீ. உன்னை மிரட்டி அவ பேர்ல போட்டுக்கிட்டாளா? பயப்படாமச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சமும் பதற்றம் இல்லாமல், நான் இப்போது சொல்லிவிடுவேன் என்ற நிச்சயத்தோடு பார்த்தாள். எனக்குச் சுவரில் இருந்த இரண்டு ஸ்டார் நினைவுக்கு வந்தது. அப்பா நினைவுக்கு வந்தார். மரப் பலகை நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்தேன். குனிந்ததை மிஸ் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும்.

மிஸ்ஸுக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் அன்றைக்குத் தீர்ந்தது. அதற்குக் கத்தியாக இருந்தது நான். மிஸ் பொய் சொல்லவில்லை, நானும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து ஒருத்தியைத் திருடி ஆக்கினோம்.

மேஜிக் ஷோ அன்று மந்திரவாதி கைக்குட்டையை உதறி அதற்குள்ளிருந்து கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். முன் வரிசையில் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். அவள் கடைசி வரிசையில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஸ்கூல் எப்போடீ தொறக்கறாங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் முழுப் பரீட்சையே வரலையே."

"அதான். பரீட்சை முடிஞ்சி, லீவு முடிஞ்சி, எப்போ தொறக்கறாங்க?"

"ஜூன்ல" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த மே மாதம் முழுக்கத் திருநெல்வேலியில் இருந்தேன். மாம்பழம் ருசிக்கவில்லை. அத்தை பிள்ளைகளோடு விளையாடப் பிடிக்கவில்லை. மடியில் பாம்பைக் கட்டிக்கொண்டு திரிவதுபோல் இருந்தது. பள்ளி திறந்த அன்று பையின் அடி அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், டிபன் டப்பாவை முகர்ந்து பார்த்தேன், உட்காரும் முன் பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். அவள் எனக்கு முன்பே வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "நல்லா கீறியா?" என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார். நூலகத்துக்குப் புத்தகம் வாங்க நன்கொடை, இந்த முறை ஆர்கெஸ்ட்ரா கச்சேரி, ஆளுக்கு ஒரு புத்தகம் என்றார். அவள் எழுந்தாள்.

"மேடம், போன வருஷம் ஃபர்ஸ்ட்டு வந்தவளுக்கு ஒரு புக்கு எப்டி போதும்? அஞ்சு குடுங்க. மாபலிபுரத்துல அவளக் கண்டாலே டப்பு எடுத்து நீட்றாங்க."

வகுப்பு கை தட்டியது. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஐந்து புத்தகங்கள் என் கையில் வந்தன. அவள் உட்கார்ந்து தன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எடுத்துக்கொண்டதை அவள் பிடுங்கவில்லை. என் தலையிலேயே ஏற்றிவிட்டாள்.

வீட்டில் அப்பா தடுப்பார் என்று நம்பியிருந்தேன். கோப்பை அவரை மாற்றியிருந்தது. "ஏறு ஸ்கூட்டர்ல. நீ எப்படி விக்கேன்னு நானும் பாக்கேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பஸ் பஸ்ஸாக ஓடினேன். வண்டி ஏறுகிறவர்களிடம்தான் கேட்டேன், ஆனாலும் வாய் குழறியது. ஒரு வெள்ளைக்காரியிடம் கட்டை விரல் வித்தை காட்டப் போய், அவள் பயந்து விலகினாள். அன்றைக்கு ஒரு டிக்கெட்கூடப் போகவில்லை.

என் பெஞ்சுக்காரி தன் சித்தியின் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மிளகாய்ப் பொடி தூவிய மாங்காயைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, டிக்கெட் ராணி வந்து கீறா பாரு" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அடுத்த ஞாயிறும் நான் ஓடினேன், அவள் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. ஒரு சினிமாவை முழுசாகப் பார்க்க வந்தவள்போல் இருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு வெறி வந்தது. என் குற்றத்தை என் கண்ணில் விட்டு ஆட்டுகிறாளே என்ற வெறி.

மூன்றாவது ஞாயிறு கடை சித்தியே அப்பாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டாள். "இன்னா சார், உங்க பொண்ணு இந்த வருசம் தனியா அல்லாடுது? போன வருசம் எங்க பொண்ணு வித்துச்சு, இது குந்திக்கினு எழுதிச்சு. ரெண்டும் சேர்ந்தா ஜோரா போவும்."

அப்பா இளநீரை முழுசாகக் குடித்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நாளைக்கு ஸ்கூல்ல போயி சொல்லிரு. நீ சொல்லலைன்னா நான் வந்து சொல்லுவேன்" என்றார். அதற்குப் பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் மேடை ஏறி மைக்கில் சொன்னேன். "போன வருஷம் டிக்கெட் வித்தது நான் இல்லை. அவள்தான்." அவள் பெயரைச் சொன்னேன். அழுகையில் அது யாருக்கும் விளங்கியிருக்காது. இனி இந்தப் பள்ளியில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "யாரும் கேக்காமலே தானா முன்வந்து தப்பை ஒத்துக்கிறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! பிள்ளைகளே, இவளைப் பாருங்க. இதுதான் நேர்மை." பழைய கிளாஸ் மிஸ்தான் முதலில் கை தட்டினார். பிறகு பள்ளி முழுக்கத் தட்டியது. அந்த வாரம் முழுக்கப் பிரேயரில் உறுதிமொழி வாசிக்க என்னை நியமித்தார்கள். பலகையில் இருந்த என் பெயரை அழிக்கவேண்டாமா என்று கேட்டேன். "பெயிண்டை அழிச்சாப் பலகை அசிங்கமாயிடும்மா. உண்மை பேசின பொண்ணு பேர்தானே, இருக்கட்டும்" என்றார். விற்றவளை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. "இன்னொரு பெண்" என்றுதான் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். அப்பா சொல்லித்தான் சொன்னேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கைதட்டல் நின்றிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மத்தியானம் குழாயடியில் அவள் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவள், இப்போது என்னைப் பார்த்தபோது முகத்தில் அந்தப் பொறுமை இல்லை. சிரிப்பும் இல்லை. முதல் தடவையாக அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"அதையும் நீயே வாங்கிக்கினியா?" என்றாள்.

குழாயை மூடினாள். டப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரை உதறிவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.